வால் ஒட்டிய நரி

டீவி கார்ட்டூனில் வரும் நரி என்றால் என் மகளுக்கு உயிர். குண்டு வெடித்துக் கரியாகும், உடனே எழுந்து ஓடும். அவளும் அவள் மாமாவும், அதாவது என் தம்பி, விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

தம்பி போன பஸ்ஸில் குண்டு வெடித்து அவன் செத்த மறு வருஷம், அதே கார்ட்டூனை ஆட்களை வைத்துப் படமாக எடுத்திருந்தார்கள். எல்கடுவை மலைத் தோட்டத்திலிருந்து இறங்கி மாத்தளைத் தியேட்டருக்குப் போனோம். அந்நாளில் எல்லோரும் செய்ததுபோல, சீட்டுக்கு அடியில் பார்சல் ஏதும் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தோம்.

நரியாக வந்தவர் வாலை ஒட்டிக்கொண்ட ஒரு தொந்திக்காரர். என்ன கண்றாவிப் படமோ! குண்டு வெடித்தது. அவர் கரி முகத்தோடு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

மகள் என் கையைப் பிடித்தாள்.

"மாமாவும் எந்திரிச்சிருப்பாரும்மா. நாமதான் அவசரப்பட்டுப் பொதைச்சிட்டோம்."