மான்வெளிக்கு ஷிப்டு போட்டவர்

போன வியாழக்கிழமை காலையில் வனக்காவலர் போன் செய்தார். "சார், நம்ம பச்சையம்மாக்கா போயிட்டாங்க." எங்கள் தங்கச் சுரங்க ஊரின் பாலகாட் பக்கம் ஆடு மேய்த்த அக்காவை அறிந்த உங்களுக்கும் அன்றைக்கு என்னைப் போலத்தான் கை ஓடியிருக்காது, கால் ஓடியிருக்காது.

தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாங்கள் சிலர் வெளிமான்களைக் காக்கக் குழு அமைத்தபோது, பழைய சுரங்க நிலத்துப் புல்வெளி எங்களுக்கு வெறும் பொட்டலாகத்தான் தெரிந்தது. ஆட்டுக்காரர்களை விரட்ட வேண்டும், மரம் நட வேண்டும் என்று முடிவெடுத்தோம். யாரையும் கேட்கவில்லை. எங்களில் பாதிப் பேர் சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகள். குழி வெட்டச் சொல்லியா தர வேண்டும்? வரிசையாக வெட்டித் தள்ளினோம்.

நான்காம் நாள் ஒரு குழிக்குள் மான்குட்டி விழுந்து கிடந்தது. தூக்கப் போனேன். "கைய வெக்காதீங்க சார்!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார் அக்கா. குழியின் ஒரு பக்கத்தைக் கையாலேயே சரித்துவிட்டு, தாய்மான் கிட்டே வரட்டும் என்று எங்களைத் தூரத் துரத்தினார். வெகுநேரம் கழித்துக் குட்டி தானாக ஏறி வந்து தாயுடன் சேர்ந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "புல்லு இருந்தாதான் சார் மானு. மரம் வெச்சா அது எங்க ஓடும், குட்டிய எங்க மறைக்கும்? இன்னா படிச்சீங்களோ!" எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குழிகளை மூடவே ஒரு வாரம் ஆயிற்று.

அடுத்த கூட்டத்துக்குப் பூதிகோட்டைப் பக்கத்து ஆட்டுக்காரர்களையும் அவரே அழைத்து வந்தார். அவர்களிடம் தெலுங்கு, வனத்துறையிடம் கன்னடம், என்னிடம் அதட்டல். அவருடைய அப்பா சுரங்கத்தில் ஷிப்டு வேலை பார்த்தவர் அல்லவா, ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "ஷிப்டு போட்டுக்கலாம். காலையில ஆடு. பதினோரு மணிக்கு மேல மானு. குட்டி போடுற காலத்துல கெழக்குப் பக்கம் யாரும் போவக்கூடாது, நானுந்தான்."

எல்லாம் சுமுகமாக நடந்தது என்றால் பொய். ராமப்பா என்ற ஆட்டுக்காரர் இரண்டு முறை நேரம் கடந்தும் ஆடுகளை மேய்த்தார். புகார் கொடுப்பேன் என்று குதித்தேன். அக்கா அவர் வீட்டுக்கே போய் விசாரித்துவிட்டு வந்தார். "அவுங்க ஊரு தண்ணித்தொட்டி காஞ்சி கெடக்குது சார். தண்ணிக்கு இங்க இருக்குற குட்டைய வுட்டா அந்தாளு ஆட்ட எங்க ஓட்டுவாரு? மொதல்ல தொட்டியப் பாருங்க." வனத்துறையும் நாங்களுமாகத் தொட்டியைச் சரிசெய்தோம். அதற்கப்புறம் ராமப்பா ஒருநாளும் மீறவில்லை.

அக்காவை அடக்கம் செய்தபோது மாரிகுப்பம் இடுகாட்டில் நான் ஓரமாகத்தான் நின்றிருந்தேன். ராமப்பா வந்து கையைப் பிடித்து இழுத்தார். "இன்னா சார், தள்ளி நிக்கிறீங்க? வந்து மண்ணு போடுங்க. நீங்க நம்மாளு."

ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு வாய்விட்டு அழுதேன். நான் விரட்டப் பார்த்த மனிதர்களுக்கு இன்று நான் சொந்தக்காரன். அக்கா எனக்கு விட்டுப்போனது அதுதான்.