தொட்டிக்குக் கீழே யாரோ தண்ணீர் குடித்தார்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்னர், ஜேர்மனியில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு முதல் நாள், எங்கள் வீட்டுப் பின்வளவில் நடந்தது இது. இன்றைக்கும் அதைச் சொல்லத் தொடங்கினால் என் கை என்னை அறியாமலே மகளைத் தேடும்.

கோயிலில் இருந்து கார் ஓட்டத்தில் கிட்டத்தான் எங்கள் வீடு. பழைய வீடு. வாங்கிக் குடிவந்த முதல் மாரியில், பின்வளவு முழுக்கப் பனி மூடிக் கிடந்தபோது ஓர் இடத்தில் மட்டும் பனி கரைந்து வட்டமாகப் புல் தெரிந்தது. யாரோ கயிறு பிடித்துக் கீறியது போன்ற வட்டம். மறுபடி பனி கொட்டும், மறுபடி அந்த இடம்தான் முதலில் கரையும். எனக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கும். என் கணவருக்கோ ஒரே புளுகமும் சந்தோஷமும்.

"இஞ்சாரும், நீச்சல் தொட்டி வைக்கிறதுக்கெண்டே ஆரோ இடம் பாத்து வைச்சிருக்கினம்" என்றார்.

கோடை வந்ததும் அந்த வட்டத்தின் மேலேயே, அதைவிடப் பெரிதாக, இரும்புச் சட்டம் போட்ட நீச்சல் தொட்டியை நிறுத்தினார். நிலத்தைத் தோண்டாமல் மேலே வைத்துத் தண்ணீர் நிரப்புகிற வகை. என் நெஞ்சளவு ஆழம். எங்கள் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் புத்தகப்பை ஒரு பக்கம், அவள் தண்ணீருக்குள்.

சில நாட்களில் தொட்டியில் தண்ணீர் குறையத் தொடங்கியது. வெயிலுக்கு வற்றுகிறது என்று சொல்லி இவர் குழாயைப் போட்டு நிரப்பிக்கொண்டே இருந்தார். நடுவில் கால் வைத்தால் புதைகிறது என்று மகள் சொன்னாள். நிலம் சரியாக மட்டம் பார்க்கவில்லை என்றார் இவர். பிறகு ஒரு நாள் நான் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஈரத்தோடு வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, தொட்டிக்குக் கீழ ஆரோ தண்ணி குடிக்கினம்."

தண்ணீரைச் சுத்தமாக்குகிற மோட்டரின் சத்தம் என்றேன். மோட்டரை நிறுத்திவிட்டுப் போய்க் கேட்கும்படி சொன்னாள். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. பிறகும் இரண்டொரு தரம் சொன்னாள், ஏதோ பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாக. ஒருக்கால் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, தொண்டைக்குள் மிடறு இறங்குகிற சத்தத்தைச் செய்தும் காட்டினாள். நாங்கள் சிரித்தோம்.

தொட்டியின் ஏணிப் பக்கம் ஒரு சின்ன மரத்தளம் இருந்தது. அதைச் சுற்றிவர நீட்டினால் பெரியவர்களும் காலைத் தொங்கவிட்டு இருக்கலாம் என்பது இவரின் திட்டம். தேருக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். அவர்களின் பிள்ளைகள் எல்லாம் இந்தத் தொட்டிக்குள்தான் விழப்போகிறார்கள். அதற்குள் தளம் அடித்து முடிக்க வேண்டும் என்று நின்றவர், வழக்கம்போல இழுத்து இழுத்து, தேருக்கு முதல் நாள் காலையில்தான் மண்வெட்டியைத் தூக்கினார். உதவிக்கு என் தம்பி வந்திருந்தான்.

முதல் தூணுக்குக் குழி வெட்டியதும் நான் தேங்காயோடு போய் நின்றேன். வீட்டுக்குக் கல் வைக்கும்போது ஈசான மூலைக் குழியில் தேங்காய் உடைத்து, தேசிக்காய் என்கிற எலுமிச்சையும் பூவும் வைத்துக் கும்பிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். எனக்குச் சமையலறையில் தட்டு அடிப்பதென்றாலும் இதைச் செய்யாமல் மனம் கேட்காது.

"இதென்ன மாளிகையே கட்டிறம்? நாலு பலகை அடிக்கிறம்" என்று இவர் நையாண்டி பண்ணினார்.

"மண்ணைக் கிண்டுறியள் எல்லே, கேட்டுப்போட்டுக் கிண்டுங்கோ" என்றேன்.

தேங்காயை உடைத்து நீரைக் குழியில் விட்டேன். மண்ணில் ஊறுவதற்கு ஒரு நேரம் எடுக்குமே, அப்படி எடுக்கவில்லை. விட்ட கணமே காணாமல் போனது. குங்குமம் தடவிய தேசிக்காயையும் இரண்டு செவ்வந்திப் பூவையும் குழிக்குள் வைத்துக் கும்பிட்டுவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போனேன். இவரும் தம்பியும் பலகை அறுக்க முன்பக்கம் போனார்கள். மகள் தொட்டியின் நடுவில், காற்றடித்த மெத்தையில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது குழிக்குள் ஒன்றும் இல்லை. தேசிக்காயும் இல்லை, பூவும் இல்லை. குழி மட்டும் கொஞ்சம் ஆழமாகத் தெரிந்தது.

தம்பியின் சேட்டை என்று நினைத்து அவனைப் பிடித்து ஏசினேன். "அம்மாவாணை அக்கா, நான் தொடவேயில்லை" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை. வைத்ததை யாரோ எடுத்துக்கொண்டார்கள், அதுவும் நாங்கள் கும்பிட்டுக் கொடுத்ததை. "இண்டைக்கு வேண்டாம், விடுங்கோ" என்று இவரின் கையைப் பிடித்தேன்.

"அணில் கொண்டு போயிருக்கும். நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும்" என்று சொல்லிக்கொண்டே, தூண் நிறுத்துகிற சீமெந்துக் கலவையில் ஒரு பையைப் பிரித்துக் குழிக்குள் கொட்டினார். குழி நிரம்பவில்லை. இன்னொரு பை. கொட்டும்போது இருந்த குவியல் எங்கள் கண் முன்னே மெல்ல உள்ளே வழிந்து போனது. தம்பி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டான்.

தொட்டியில் குப்பை அள்ளுகிற வலையின் நீளத்தடியை எடுத்து இவர் குழிக்குள் விட்டுப் பார்த்தார். தடி போனது. இவரின் முழங்கை மண்ணில் முட்டும்வரை போனது. பிறகு கையில் இருந்து நழுவியது. நாங்கள் மூன்று பேரும் குழிப்பக்கம் குனிந்து காது கொடுத்தோம். அது விழுந்த சத்தம் வந்தது. வந்தது குழிக்குள்ளிருந்து அல்ல. தொட்டிக்கு நேர் கீழே இருந்து.

இவரின் முகம் இரத்தம் வற்றி வெளிறிப்போனதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். ஆனால் குரல் மாறவில்லை.

"குஞ்சு, அப்பிடியே படுத்திருங்கோ. காலைக் கீழ விடாதேங்கோ. மாமா உங்களை இழுக்கப் போறார்."

"விளையாட்டோ?"

"ஓம் செல்லம், விளையாட்டு."

தம்பி ஏணித் தளத்தில் குப்புறப் படுத்து, புல் வாருகிற தடியால் மெத்தையின் விளிம்பைக் கொழுவினான். தடி இரண்டு முறை வழுக்கியது. எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது, ஆனால் நான் கத்தினால் பிள்ளை பயந்து எழும்புவாள். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். என் அம்மாளாச்சி, என்னை எடு, அவளை விடு என்று உள்ளுக்குள் அழுதேன். மெத்தை கரைக்கு வந்ததும் இவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வேலிவரை ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

திரும்பிப் பார்த்தபோது தொட்டி அப்படியேதான் இருந்தது. வெயிலில் தண்ணீர் மினுங்கியது, மெத்தை மிதந்தது. வீணாகப் பயந்துவிட்டோமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பிறகு தண்ணீரின் நடுவில் தொப்புள் மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. மெத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டு அதை நோக்கிப் போனது. இரும்புச் சட்டங்கள் முனகிக்கொண்டு உள்ளே மடிந்தன. அதோடு கீழே இருந்து ஒரு சத்தம் வந்தது, பெரிய மிடறுகளாக, நிதானமாக, தாகத்தோடு. இந்த முறை அது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

தீயணைப்புப் படை வந்து இடத்தைச் சுற்றி நாடா கட்டியது. பழங்காலத்துக் கிணறு. செங்கல் கட்டு. எப்போதோ யாரோ மேலே கட்டைகளை அடுக்கி மண்ணைப் போட்டு மூடி, புல் வளர்த்துவிட்டார்கள். கட்டைகள் உக்கி உளுத்துப் போயிருந்தன. கீழேயிருந்து வந்த சூட்டில்தான் பனி கரைந்திருக்கிறது. தொட்டியின் அடியில் விழுந்த சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் கிணற்றுக்குள் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அதுதான் மகள் கேட்ட சத்தம். தூண் குழியின் அடி மண்ணும் பக்கவாட்டில் அதற்குள்தான் சரிந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த நான் மகளின் கையை விடவில்லை.

ஏணியைப் படுக்கப் போட்டு அதன் மேல் ஊர்ந்து போய், உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்த தீயணைப்புப் படைப் பெடியன் தலையை நிமிர்த்தி, கீழே தண்ணீரில் ஒரு மஞ்சள் பழமும் இரண்டு பூவும் மிதக்கின்றன, உங்களுடையதா என்று டொச் மொழியில் மரியாதையாகக் கேட்டான். என்னுடையதுதான் என்றேன். வேறு என்ன சொல்வது?

அடுத்த நாள் தேரில், வழக்கமாகக் கடலைக்கடைப் பக்கம் நிற்கிற என் கணவர் வடக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடவில்லை. அம்மன்தான் தேசிக்காயை எடுத்துக் காட்டினாள் என்று தம்பி வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னான். இவர் அதை மறுக்கவும் இல்லை, ஓம் என்று சொல்லவும் இல்லை. கிணற்றுக்குக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பியாயிற்று. வாங்கிய பலகைகளில் சமையலறை வாசலோடு ஒரு தளம் அடித்திருக்கிறோம். நீச்சல் தொட்டி இல்லை.

தொட்டி உடைந்த அன்றைக்கு, தீயணைப்புப் படை போன பிறகு, துவாயைச் சுற்றிக்கொண்டு என் மடியில் இருந்த மகள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் சொன்னனான் தானே அம்மா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தேசிக்காயை வைத்து நிலத்திடம் உத்தரவு கேட்ட எனக்கு, என் பிள்ளை சொன்னதைக் காது கொடுத்துக் கேட்க நேரம் இருக்கவில்லை. இப்போது அவள் எந்த நேரத்தில் வந்து "அம்மா, ஒரு சத்தம் கேக்குது" என்றாலும், அடுப்பை நிறுத்திவிட்டுப் போய், அவள் காட்டுகிற இடத்தில் நானும் காதை வைத்துக் கேட்கிறேன்.