காயம் ஏதுமில்லை

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் என் கையெழுத்துதான் அழகு. அதனால் வந்த வினை இது. பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்று போய்விட்டுத் திரும்பினால் மற்றவர்கள் தண்ணீர்க் குழாய்களைக் கழுவிக் காயப்போடுவார்கள், நான் அறிக்கை எழுத உட்காருவேன். எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, எந்த ஊர், எத்தனை அறை தரைமட்டம், எத்தனை பேரை மீட்டோம். கடைசி வரி மட்டும் மாறவே மாறாது: 'பணியில் ஈடுபட்ட வீரர்களுக்குக் காயம் ஏதுமில்லை.' எனக்கு முன்னால் எழுதியவரும் அப்படித்தான் எழுதினார். உள்ளங்கை கொப்பளித்துப் பேனா பிடிக்க முடியாத நாளிலும் நான் அதை எழுதியிருக்கிறேன். காயம் என்று எழுதினால் எப்படிப் பட்டது, யாருடைய கவனக்குறைவு என்று மேலிடத்திலிருந்து கேள்வி வரும். அதுகூடப் பரவாயில்லை. உடம்பெல்லாம் வெந்துபோன பெண்ணைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு வந்து, எனக்குக் கையில் கொப்புளம் என்று எழுதினால் எங்களுக்கு அது வெட்கம்.

எங்கள் வண்டி ஓட்டுநர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை ஏலே என்பார். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் எந்த மண்பாதையில் திரும்பினால் எந்த ஆலை வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். போய்ச் சேர்ந்து பம்பை ஓடவிட்டதும் வண்டியோடு நிற்க வேண்டியவர், ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு எங்களோடு புகைக்குள் வந்துவிடுவார். மூச்சுக் கருவி நிலையத்துக்கே இரண்டுதான் இருந்தது, அதையும் இளையவர்களிடம் கொடுத்துவிடுவார். பட்டாசு மருந்து எரிந்த புகை விறகுப் புகை மாதிரி இல்லை. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகும் தொண்டையில் கந்தகம் கசக்கும்.

கொஞ்ச காலமாக அவர் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று போன் பார்ப்பதுபோல நடிக்க ஆரம்பித்தார். போனில் ஒன்றும் இருக்காது. இருமல் வந்தால் வண்டிக்குப் பின்னால் போய்விடுவார்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாப்போம்ணே" என்றேன்.

"போலே போக்கத்தவனே! அன்ஃபிட்டுன்னு எழுதி ஆபீஸ்ல ஒக்கார வச்சிருவாக. ஸ்டியரிங்க விட்டுட்டு நான் என்னத்துக்கு ஆவேன்?"

தனியாகக் கூப்பிட்டால் வரமாட்டார். எல்லோரையும் பரிசோதித்தால் அவரும் வந்துதானே ஆகவேண்டும்? இந்த யோசனையில் இருந்தபோதுதான், ஒரு கம்பெனியின் அறக்கட்டளை பாதுகாப்புப் பணிகளுக்கு நிதி தருகிறது என்று நிலைய அலுவலர் சொன்னார். "நீ எழுதிக் குடு, மேல அனுமதி வாங்குறது என் பொறுப்பு" என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். இரண்டு கேட்டேன். ஒன்று, பயிற்சி. அலுமினியப் பொடி எரியும்போது தண்ணீரை அடித்தால் அது அடங்காது, இன்னும் சீறும். இதை எங்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இரண்டு, நிலையத்தில் உள்ள அத்தனை பேருக்கும் நுரையீரல், இதயம், காது பரிசோதனை. ஆதாரம் வேண்டுமே என்று ஐந்து வருட விபத்து அறிக்கைகளை நகல் எடுத்து, வரிசையாக அடுக்கி, நூல் போட்டுக் கட்டி இணைத்தேன். அவ்வளவு சுத்தமான மனுவை அந்த அறக்கட்டளை பார்த்திருக்காது என்று எனக்குப் பெருமை வேறு.

ஒரு மாதம் கழித்து அங்கிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "எல்லா அறிக்கையும் படிச்சோம் சார். அஞ்சு வருஷத்துல உங்க ஆளுங்க ஒருத்தருக்குக்கூடக் காயம் இல்லையே! ரொம்ப சந்தோஷம். தேவை அதிகமா இருக்கிற இடத்துக்குத்தான் சார் நாங்க முதல்ல குடுப்போம்."

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அதுவும் அழகான கையெழுத்தில்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அந்த அம்மாவைத் திட்ட முடியாது, அவர் படித்ததைத்தான் சொன்னார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். இடது காது பாதிதான் கேட்கிறது, வலது தோளில் தீக்காயத் தழும்பு, வெடிச்சத்தம் கேட்டால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்தேன். "இத்தன வருசம் பொய் எழுதுனவன் நாந்தான். இப்ப நெசத்த எழுதிட்டேன். ரோசம் இருக்கவன் இதுக்குக் கீழ எழுதுங்க" என்றேன். இரண்டு நாள் அந்தத் தாளை யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் எழுதினார், பிறகு பக்கமே நிறைந்துவிட்டது. ஓட்டுநர் மட்டும் எழுதவில்லை. "நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டு இருமப் போனார்.

அந்தத் தாளோடு திரும்பவும் அனுப்பினோம். இந்த முறை அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் நிலையத்துக்கே வந்தார்கள். வண்டியைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள். பயிற்சிக்குப் பணம் தருகிறோம், பரிசோதனையைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஏன் என்று கேட்டேன்.

அவர்களில் மூத்தவர் மென்மையாகத்தான் சொன்னார். "நாலு பேருக்குக் குறைன்னு வந்துட்டா வண்டியில யார் போவாங்க? தீபாவளி சீசன் வேற வருது."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "அதனால எங்க ஒடம்புல என்ன இருக்குன்னு எங்களுக்கே தெரியக் கூடாதோ? ரெண்டையும் சேத்துக் குடுங்க. இல்லைன்னா ரெண்டுமே வேண்டாம், கெளம்புங்க!" என்றேன். நிலைய அலுவலர் முகம் வெளுத்துவிட்டது. கிடைத்ததையும் கெடுத்துவிட்டானே பாவி என்று பின்னால் யாரோ முனகியது என் நல்ல காதில் விழுந்தது. அந்தப் பெரியவர் கையிலிருந்த ஃபைலை மூடினார்.

அப்போது ஓட்டுநர் முன்னால் வந்து நின்றார்.

"சார், எனக்கு மூச்சு வாங்குது. நாலு வருசமா வாங்குது. இந்த வண்டிய ஓட்டுறவன் நாந்தான். பின்னால இத்தன பேர ஏத்திக்கிட்டுப் போறேன். ஒரு நா ஸ்டியரிங்ல மயங்கி விழுந்தேன்னா இவுக வீட்டுக்கெல்லாம் நீங்க போயிப் பதில் சொல்லுவீகளா?"

நாலு வருடமாக நான் அவருக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. மூடிய ஃபைலைப் பெரியவர் மறுபடி திறந்தார்.

பயிற்சியும் வந்தது, பரிசோதனை வண்டியும் வந்தது. முதல் ஆளாக அவரைத்தான் ஏற்றினார்கள். நுரையீரல் கெட்டிருந்தது. இப்போதே வந்ததால் மேலும் கெடாமல் மருந்தில் நிறுத்தலாம், ஆனால் இனிமேல் புகைப் பக்கமே போகக் கூடாது, வண்டியும் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். அழைப்பு வரும் தொலைபேசியின் முன்னால் அவரை உட்கார வைத்தார்கள். மூன்று வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு வந்த முதல் பெரிய அழைப்பை அவர்தான் எடுத்தார். மணியை அடித்துவிட்டு, நாங்கள் வண்டியில் ஏறும்போது வாசல்வரை வந்து நின்று புது ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினார். "ஏலே, கம்மாக்கரப் பாதையில போகாத! கெழக்க திரும்புலே, கெழக்க!" பிறகு என்னைப் பார்த்தார். "என்னைய இங்கன ஒக்கார வச்சவன் நீதாம்லே, நாசமாப் போறவனே! பத்தரமா வந்து சேரு!"

வண்டி வளைவில் திரும்பும்வரை திட்டிக்கொண்டே இருந்தார், ஒரு இடத்திலும் நிறுத்தாமல். திட்டட்டும். திட்டுவதற்கு அவரிடம் மூச்சு இருக்கிறது.