அஞ்சலை அத்தை திருப்பி வாங்கிய பிராது

வியாழக்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் நான் வேலை செய்யும் கம்பெனியில், பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பளபளப்பு தரும் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டருகே என் கணவர் வந்து நிற்பதாகச் சொன்னார்கள். அவர் வேறொரு கம்பெனியில் சூளை பார்ப்பவர். அந்த நேரத்தில் அங்கிருந்து நகரமாட்டார். கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன்.

"அம்மா போயிட்டாங்க" என்றார்.

காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லையாம். எண்பதைத் தொட்ட வயது. நோய், படுக்கை எதுவும் இல்லை. அதைச் சொல்லித்தான் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அவரை அறிந்தவர்கள் மங்கலம்பேட்டைப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை, அவருடைய சின்ன மருமகளான நான்தான் சொல்ல முடியும்.

அஞ்சலை அத்தை வேப்பூர்ப் பக்கம் பிறந்தவர். பதினாறு வயதில் மங்கலம்பேட்டையை அடுத்த கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். மூன்றாவது பிள்ளை, அதாவது என் கணவர், வயிற்றில் இருந்தபோது மாமா இறந்துவிட்டார். மானாவாரி நிலத்தில் கம்பும் கடலையும் போட்டு மூவரையும் ஆளாக்கினார். தனக்குத் துணை என்று அவர் சொல்லிக்கொண்டது கொளஞ்சியப்பர் சாமியை மட்டும்தான். அந்தக் கோயிலின் வழக்கம் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மனக்குறையை மனுவாக எழுதி சாமியிடம் பிராது கொடுப்போம். குறை தீர்ந்தால் மறுபடி போய், பிராதைத் திருப்பி வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரையாவது எழுதச் சொல்லிக் கொடுப்பார். "எஞ்சாமிக்கிட்ட ஒளிவு மறைவு கெடையாது. உள்ளத உள்ளபடி சொல்லிடுவேன். அப்பறம் அது பாத்துக்கும்" என்பார்.

நான் திட்டக்குடிக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அப்போது நானும் என் கணவரும் ஒரே கம்பெனியில் வேலை செய்தோம். அங்கே பழகி, ரிஜிஸ்டர் ஆபீசில் திருமணம் செய்துகொண்டோம். அத்தை வரவில்லை. ஊரில் விசாரித்தவர்களிடம், "எனக்குப் புள்ளைங்க ரெண்டு பேருதான்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டோம். மூன்று வருடம் எங்களுக்கும் அந்த வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

மகள் பிறந்ததும் எனக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரமாகியும் இறங்கவில்லை. என் தாய் முன்பே காலமாகிவிட்டார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு காலையில் கண்ணைத் திறந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் ஒல்லியான ஓர் அம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குமுன் நான் அவரைப் பார்த்ததில்லை. குழந்தையின் காதும் அவர் காதும் ஒரே மாதிரி இருந்தன.

என்னோடு பேசவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "இன்னம் கொதிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

காய்ச்சல் தணிந்து நாங்கள் வாடகை வீட்டுக்குத் திரும்பியபோது அத்தையும் கூடவே வந்துவிட்டார். பூண்டுக் குழம்பு வைத்தார், வெந்நீர் போட்டார், குழந்தையைக் குளிப்பாட்டினார். எல்லாம் செய்தார், பேச்சு மட்டும் கிடையாது. ஒருநாள் மாலை குழந்தையின் நெற்றியில் திருநீறு வைக்கப் போனவர், சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினார்.

"ஓஞ்சாமி கோச்சுக்குமா?"

"கோச்சுக்காது அத்த. வையுங்க."

நாங்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

நாற்பதாம் நாள், ஒரு தாளும் பேனாவும் எடுத்துவரச் சொன்னார். "கொளஞ்சியப்ப சாமிக்கி அஞ்சல எழுதிக்கிறது" என்று ஆரம்பித்தார். நான் எழுதினேன்.

"மூணு வருஷத்துக்கு முன்னால, எம்மவன ஒருத்தி மயக்கி இழுத்துக்கிட்டுப் போயிட்டா, அவங்க ரெண்டு பேரயும் பிரிச்சி வுட்டுடுன்னு ஒங்கிட்ட பிராது குடுத்தேன்."

பேனா நின்றுவிட்டது. "யாரு அத்த அது?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"நீதான்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "ஒனக்குக் காய்ச்சலு, பொழைக்கிறது கஷ்டம்னு பஸ்ஸுல ஒருத்தர் சொன்னாரு. நீ சாவணும்னு நான் கேக்கல. பிரிச்சி வுடுன்னுதான் கேட்டேன். சாமி வேற மாதிரி எடுத்துக்கிச்சோன்னு ஓடியாந்தேன். தப்பு எம்மேலதான். எழுது."

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்று வருடமாக என்மேல் ஒரு பிராது கோயிலில் இருந்திருக்கிறது. ஆனால் அதை என்னிடமே சொல்லி, என் கையாலேயே எழுத வைக்கும் ஒருவரிடம் எப்படிக் கோபத்தைக் காட்டுவது என்று தெரியவில்லை. எழுதினேன்.

"நான் குடுத்தது தப்பான பிராது. அத திருப்பி வாங்கிக்கிறேன். நீ ஏற்கெனவே ஏதாச்சும் ஆரம்பிச்சிருந்தா ஒடனே நிறுத்திடணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒம் பேர முழுசா சொல்லு" என்றார்.

"மேரி ஸ்டெல்லா."

இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். நாக்கு வளையவில்லை. அன்றிலிருந்து அவருக்கு நான் தெல்லா.

மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம். கோயில் வாசலில் நான் தயங்கி நின்றதைப் பார்த்து, "உள்ள வா. கேசே ஒம்பேர்லதான் இருக்குது. நீ இல்லாம எப்பிடி?" என்றார். போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்ற நேரம் முழுக்க என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

அதன்பிறகு பாதி நாள் ஊரிலும் பாதி நாள் எங்களோடும் இருந்தார். தவக்காலத்தில் நான் வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தால் அவரும் சாப்பிடமாட்டார். எதற்கு என்று கேட்டால், "சாமிக்காகப் பட்டினி கெடக்கிறவள தனியா வுடக்கூடாது" என்பார். சாயங்காலம் இருவரும் சேர்ந்து கஞ்சி குடிப்போம்.

இப்போது ஊரில் அவர் உடலைக் குளிப்பாட்டும் நேரத்தில், கணவரின் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு வேறு மதத்தவள் தண்ணீர் ஊற்றலாமா என்பதுபோல் தன் மனைவியைப் பார்த்தார். அவருடைய மனைவிதான் பேசினார்: "தெல்லா வராம எனக்குத் தண்ணி ஊத்தக்கூடாதுன்னு அத்த எங்கிட்ட ரெண்டு தரம் சொல்லியிருக்காங்க." குடத்தை என்னிடம் கொடுத்தார். மகன்கள் தூக்கிப் பிடிக்க நானும் தாங்கினேன், உடம்பு கனமே இல்லை.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். அங்கே எனக்கு ஒரு பாக்கி இருந்தது. சில மாதங்களுக்கு முன் ஒரு தட்டு நிறையச் சரக்கு உடைந்துபோனது. என் பக்கத்தில் உட்காரும் செல்விதான் உடைத்தாள் என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தேன். அவள் இல்லை என்று பின்னால் தெரிந்தது. தெரிந்தும் சும்மா இருந்தேன். அன்று முதலில் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். பிறகு அவள் எதிரில் வந்து நின்றேன்.

"அன்னைக்கு ஒம்மேல சொன்னது நான்தான். தப்பாச் சொல்லிட்டேன்."

முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் சொல்ல என்னால் முடிந்தது. அத்தையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.

செல்வி கையில் இருந்த கட்டையை முக்கி, சொட்டு வடியவிட்டுத் தட்டில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். மத்தியானம் மணி அடித்ததும் டிபன் டப்பாவோடு எழுந்தவள், இரண்டடி போய்த் திரும்பி நின்றாள்.

"வாக்கா, சாப்புடலாம்."