மெர்சியே வீட்டாரை விசாரிக்கப் போன பயணம்: பாட் கார்ல்ஸ்ஹாஃபன்

பாட் கார்ல்ஸ்ஹாஃபனுக்குப் போக நான் திட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை. ஒக்டோபர் மாத மழையில், வேசர் ஆற்றங்கரையில் நனைந்துகொண்டு நிற்கும் ஒரு சின்ன ஊருக்குத் தன் விருப்பத்தில் யார் போவார்? குணம் அண்ணை கேட்டார், மறுக்க முடியவில்லை, போனேன். இதைப் படிக்கிற உங்களில் சிலர் ஊர் பார்க்கப் போகிறவர்களாக இருப்பீர்கள். சிலருக்குக் கலியாண வயதில் பிள்ளைகள் இருக்கும். இரண்டு பகுதியாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

குணம் அண்ணையின் முழுப்பெயர் குணரத்தினம். பீலெஃபெல்டில் நான் வேலை செய்யும் சமையலறை அலுமாரித் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேலாக எனக்குப் பக்கத்தில் நிற்கிறவர். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். ஒரே பிள்ளை தர்சிகா. ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். அவள் யோனாஸ் மெர்சியே என்ற ஜேர்மன் பெடியனைக் கட்டப் போகிறாள் என்பது முடிவாகிவிட்டது. ஒக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை கலியாணப் பதிவுக்கு டெர்மினும், அதாவது அலுவலகத்தில் நேரமும், எடுத்தாயிற்று. தாய் சேலையும் எடுத்துவிட்டார். அண்ணை மட்டும் இன்னும் ஓம் சொல்லவில்லை.

வெள்ளைக்காரன் என்பது தனக்குப் பிரச்சினையே இல்லை என்று அவர் சத்தியம் பண்ணுவார். அவருடைய கவலை வேறு. "பேரைப் பாத்தா ஜேர்மன் மாதிரியும் இல்லை, பிரெஞ்சுப் பேர். எங்கத்த ஆக்கள், என்ன ஆக்கள் எண்டு ஒண்டும் தெரியாது. விசாரிக்காமல் எப்பிடித் தம்பி பிள்ளையைக் குடுக்கிறது?"

விசாரிப்பது என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சம்பந்தம் பேச முதல் மாப்பிள்ளையின் ஊருக்கு ஒருவர் சும்மா போவதுபோலப் போவார். கடையில் ஒரு சோடா வாங்கிக் குடிப்பார். அந்த வீட்டார் என்ன ஆக்கள் என்று ஒரு கேள்வி போடுவார். சாதி, காணி, குடிப்பழக்கம், பரம்பரை நோய்வருத்தம், கோர்ட் வழக்கு எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். தர்சிகா இங்கேயே பிறந்தவள் என்றாலும் இது அவளுக்கு வடிவாகத் தெரியும். தகப்பனிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்: "அப்பா, யோனாஸின்ட ஆக்களை விசாரிக்கப் போனீங்களெண்டா என்ர கலியாணத்துக்கு வராதேங்கோ."

அதனால்தான் நான் தேவைப்பட்டேன். "நீர் புளொக்குக்கு எழுத எண்டு ஊர் ஊராத் திரியிறனீர்தானே, நானும் சும்மா வாறன்," என்றார். யோனாஸின் பூட்டனார் காலம்வரை அந்தக் குடும்பம் இருந்த ஊர் பாட் கார்ல்ஸ்ஹாஃபன் என்று மனைவி மூலம் அறிந்து வைத்திருந்தார். அது ஊர் பார்க்கும் பயணம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை 7.40 போல பீலெஃபெல்டில் ஏறினோம். பாடர்போர்னில் ஒரு மாற்றம், ஒட்பெர்கனில் இன்னொரு மாற்றம். எல்லாம் உள்ளூர் ரயில் என்பதால் மாதாமாதம் எடுக்கும் டொய்ச்லாண்ட் டிக்கெட் போதும். காத்திருப்பும் சேர்த்து இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. ஒட்பெர்கன் நிலையத்தில் கழிப்பறை தேடி அலையாமல் முதலே அலுவலை முடித்துக்கொள்ளுங்கள்.  வழி முழுக்க அண்ணை கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டு, கொண்டுவந்த முட்டை ரொட்டியையும் தொடாமல் இருந்தார்.

ரயில் நிலையம் ஆற்றின் மற்றப் பக்கத்தில் இருக்கிறது. பாலத்தைக் கடந்து பதினைந்து நிமிடம் நடந்தால் ஊரின் நடு. ஒரே உயரத்தில் வெள்ளை வீடுகள் நேர்நேராக வரிசை கட்டி நிற்க, நடுவில் சதுரமாக ஒரு சின்னத் துறைமுகம். 1699இல் ஹெசன் நாட்டு ஆட்சியாளர் ஒருவர், பிரான்சிலிருந்து மதத்துக்காக ஓடிவந்த புரட்டஸ்தாந்துக்காரரைக் குடியேற்றக் கட்டிய ஊர் இது. அந்தத் துறைமுகத்திலிருந்து கால்வாய் வெட்டித் தெற்கே போகத் திட்டமிருந்தது, கால்வாய் முடியவே இல்லை. நாங்கள் போன அன்று தண்ணீரில் ஒரு வாத்துகூட இல்லை. பல வீடுகளின் சன்னல் மூடிக் கிடந்தது. கடைத்தெருவில் வாடகைக்கு என்று எழுதிய கண்ணாடிகள்தான் அதிகம். படத்தில் வடிவான ஊர், நேரில் வெறிச்சோடிக் கிடந்தது.

முதலில் அந்த அகதிகளுக்கான அருங்காட்சியகத்துக்குப் போனோம். பெயரின் மூலத்தைப் பற்றி அங்கே வாசித்ததையும் வீட்டில் தேடியதையும் சேர்த்துச் சொல்கிறேன். மெர்சியே என்பது தொழிற்பெயர். பழைய பிரெஞ்சில் ஊசி, நூல், பொத்தான், நாடா போன்ற சில்லறைச் சாமான் விற்பவனுக்கு அந்தப் பெயர். லத்தீனில் சரக்கு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஊசி விற்றவன் எல்லா ஊரிலும் இருந்தபடியால் ஒரு மெர்சியேக்கும் இன்னொரு மெர்சியேக்கும் சொந்தம் இருக்க வேண்டியதில்லை. இன்று பிரான்சில் தடுக்கி விழுந்தால் ஒரு மெர்சியே. கனடாவின் கியூபெக்கிலும் நிறைய உண்டு. ஜேர்மனியில் அரிது. எத்தனை பேர் என்று இணையத்தில் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு கணக்குச் சொல்வதால் நான் எண் எழுதவில்லை.

"ஊசி வித்த ஆக்களோ?" என்றார் அண்ணை. குரலில் ஒரு சரிவு.

"அது முந்நூறு நானூறு வருசத்துக்கு முன்னம் ஆரோ ஒராள் வித்தது அண்ணை. பெடியன் இன்சினியர்," என்றேன். எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு பேக்கரிக்குள் நுழைந்து, சோடாக் கடைக் கணக்கில், மெர்சியே குடும்பத்தைத் தெரியுமா என்று கேட்டார். அங்கே நின்ற பெண் தான் வந்து மூன்று மாதம்தான் என்று கையை விரித்தாள். ஊரில் யாருடைய முற்றத்தில் நின்று கேட்டாலும் ஏழு தலைமுறை வந்து விழும். இங்கே கேட்பதற்கு ஆளையே காணவில்லை. கடைசியில் சவக்காலைக்குப் போனால் கல்லிலாவது பெயர் இருக்கும் என்று நான்தான் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சவக்காலையில் ஒரு வயதான பெண் குந்தியிருந்து ஒரு கல்லறையில் வாடின பூச்செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கல்லில் மெர்சியே என்று இருந்தது. அண்ணை தொண்டையைச் செருமி, நாங்கள் ஊர் பார்க்க வந்தவர்கள் என்று தொடங்கி, எங்கள் கேள்வியை அப்படியே ஜேர்மனுக்குப் பெயர்த்துக் கேட்டார்: "இந்த மெர்சியே வீட்டார் என்ன ஆட்கள்?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். கேள்வி அவருக்குப் பிடித்துவிட்டது போல இருந்தது. "என்ன ஆட்கள் என்றால், அகதிகள்," என்றார். "ஓடி வந்தவர்கள். முதல் குளிர்காலத்திலேயே பிள்ளைகளைச் சாகக் கொடுத்தவர்கள். மற்றப்படி சாதாரண ஆட்கள்." கையால் ஒரு வெறும் புல்தரையைக் காட்டினார். "அங்கே எங்கள் ஆட்கள் நிறையப் பேர் கிடந்தார்கள். தவணை முடிந்த கல்லறைகளை எடுத்துவிட்டார்கள். இப்போது என் தகப்பனுடைய கல் மட்டும்தான் மிச்சம்."

ஜேர்மனியில் கல்லறை நிலம் குறிப்பிட்ட வருடங்களுக்குத்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் அந்தப் புல்லைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அவர் அண்ணையை உற்றுப் பார்த்தார். "நீங்கள் தர்சிகாவின் அப்பா அல்லவா? யோனாஸ் படம் காட்டினான்." அவர் யோனாஸின் தாத்தாவுடைய தங்கை. கலியாணம் கட்டாதவர். அண்ணையின் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெண்ணோ, கலியாணத்துக்கு முன் மரியாதைக்குச் சொந்தக்காரரைச் சந்திக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, மண் ஒட்டிய கையைத் துடைத்துவிட்டு அண்ணையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த நினைப்பை நாங்கள் இருவரும் திருத்தவில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கஃபேக்குக் கூட்டிப் போனார். ஆளுக்கு ஒரு கோப்பி, ஒரு பிளம்ஸ் கேக், ஏழு யூரோ இருபது. காசு கொடுக்க எங்களை விடவில்லை. பேச்சுவாக்கில்தான் அந்த விசயத்தைச் சொன்னார். "யோனாஸ் உங்கள் பெயரை எடுக்கிறான், தெரியும்தானே?"

அண்ணைக்குத் தெரியாது. இங்கே ஆண் தன் பெயரை விட்டுப் பெண்ணின் பெயரை எடுக்கலாம் என்பதுகூட அவர் யோசித்துப் பாராதது.

"எனக்குக் கவலைதான்," என்றார் அந்தப் பெண். "இந்த ஊரில் அந்தப் பெயரோடு இருக்கும் கடைசி ஆள் நான். இரண்டையும் சேர்த்து வைக்கச் சட்டம் இருக்கிறது, அதையாவது செய் என்று கேட்டேன். அவன் சொன்னான், தர்சிகாவுக்குச் சகோதரம் இல்லை, அவளுடைய அப்பாவோடு அந்தப் பெயர் நின்றுவிடும், எங்களுக்கு முந்நூறு வருடம் கிடைத்தது, அவர்களுக்கு இப்போதுதான் தொடங்குகிறது என்று. அதற்கு மேல் நான் என்ன சொல்ல? குணரத்தினம் என்ற பெயரில் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்?"

"எங்கட குடும்பத்தில மூண்டு பேர்," என்று அண்ணை என்னிடம் தமிழில் சொன்னார். நான்தான் ஜேர்மனில் விளக்கினேன். அது குடும்பப் பெயரே இல்லை, அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர். வந்த அன்று அலுவலகத்தில் கடைசியாக இருந்த பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். மனைவிக்கும் மகளுக்கும் அதுவே ஆகிவிட்டது. கேட்டுவிட்டு அந்தப் பெண், "அப்படியென்றால் அவன் உங்களையே எடுக்கிறான்," என்றார்.

அண்ணை தலையைக் குனிந்துகொண்டு கோப்பிக்குச் சீனி கலக்கினார். அவர் சீனி போடுவதில்லை. விடைபெறும்போது அந்தப் பெண் தன் போனில் அண்ணையோடு சேர்ந்து ஒரு படம் எடுத்தார். யோனாஸுக்கு அனுப்பப் போகிறேன், சந்தோசப்படுவான் என்றார். வேண்டாம் என்று சொல்ல அண்ணை வாயைத் திறந்தார், மூடினார்.

பின்னேரம் திரும்பும் ரயிலில் அவர் வேறு ஆளாக இருந்தார். காலையில் தொடாத முட்டை ரொட்டியை எனக்கும் பிய்த்துத் தந்தார். "தம்பி, பெடியன் தங்கமான பெடியன். பெத்த மகன் கூட இப்பிடி யோசிக்கமாட்டான். ஓடி வந்த ஆக்களுக்குத்தான் ஓடி வந்தவனைத் தெரியும் என்ன? வீட்டை போன உடன பிள்ளைக்குப் போன் எடுத்து ஓம் சொல்லப் போறன். கோயிலிலயும் தாலி கட்டுவம் எண்டு கேக்கப் போறன்." எனக்கும் மனம் லேசானது. அந்தப் படத்தைப் பற்றி இருவருமே நினைக்கவில்லை.

பாடர்போர்ன் நெருங்கும்போது அவருடைய போன் அடித்தது. தர்சிகா ஜேர்மனில்தான் எழுதுவாள், அவருக்கு வாசிக்க நேரமெடுக்கும். "என்னெண்டு பாத்துச் சொல்லும்," என்று என்னிடம் தந்தார். அந்தப் பெண் படத்தோடு யோனாஸுக்கு இரண்டு வரி எழுதியிருந்தாராம்: உன் மாமனார் எவ்வளவு அருமையான மனிதர், நாங்கள் என்ன ஆட்கள் என்று அக்கறையாகக் கேட்டார். யோனாஸுக்கு அதில் ஒன்றும் விளங்கியிராது. தர்சிகாவுக்கு அந்த 'என்ன ஆட்கள்' என்பதிலேயே எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்பா, கேட்டனான்தானே," என்றுதான் அவளுடைய செய்தி தொடங்கியது. அந்த ஒரு வரி மட்டும் தமிழ். மிச்சம் ஜேர்மன். யோனாஸ் என் பெயரை எடுக்க மாட்டான், நான் அவனுடையதை எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை நீங்கள் வர வேண்டாம்.

நான் அதை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. இந்தப் புளொக்கில் எழுதிய எந்தப் பயணத்திலும் இவ்வளவு கேவலமான வேலையை நான் செய்ததில்லை. அண்ணை அன்றே போன் எடுத்தார், அவள் எடுக்கவில்லை. அடுத்த வாரம் அவள் தனியே இருக்கும் வீட்டுக்குப் போய் வாசற்படலையில் நின்றார், அவள் கதவைத் திறக்கவில்லை. ஓம் சொல்லத்தான் இருந்தேன் என்று அவர் யாரிடம் சொல்ல? தாய் சொல்லிப் பார்த்தார். விசாரித்துத் திருப்தி வந்த பிறகு சொல்கிற ஓம் எனக்குத் தேவையில்லை என்று பதில் வந்ததாம். அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அண்ணையைப் பார்க்கவும் முடியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மே முதல் செப்டெம்பர் வரை போங்கள், ஆற்றோரம் சைக்கிள் ஓட்டலாம். அருங்காட்சியகம் குளிர்காலத்தில் எந்த நாள் திறக்கும் என்று முதலே பாருங்கள். சனி பின்னேரம் கடைகள் வேளைக்குப் பூட்டிவிடும், சாப்பாடு கையில் இருக்கட்டும். சப்பாத்து நனையாததாக இருக்கட்டும். பெயர் தேடிப் போகிறவர்கள், கல்லறைகளில் தேடுவதானால் பிந்த வேண்டாம், கற்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பிள்ளை வேண்டாம் என்று கேட்டிருந்தால் போகவே வேண்டாம். இந்தப் பெயரின் இன்றைய பரவலைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த வெள்ளிக்கிழமை ஜேர்மனியில் ஒரு மெர்சியே கூடினாள், ஒரு குணரத்தினம் குறைந்தாள்.

அன்றைக்கு லீவு எடுத்திருந்தும் அண்ணை வேலைக்கு வந்தார். பத்து மணி இடைவேளையில் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு வாழ்த்து அட்டையை எடுத்துத் தபாலுறையில் போட்டு என் முன்னால் வைத்தார். "மேல பேரை எழுதும் தம்பி. எனக்கு அந்தப் பேர் எழுத வராது." தர்சிகா மெர்சியே என்று எழுதிக் கொடுத்தேன். அதை எடுத்துப் பார்த்தார்.

"அப்ப என்ர பேரை எங்க போடுறது?"

"பின்பக்கம் அண்ணை," என்றேன். "அனுப்புறவர் எண்டு, மேல்மூலையில."

பேனையை வாங்கி, தபாலுறையைத் திருப்பி வைத்து, எழுதினார்.