இரைச்சல் இல்லாத ரேடியோ

போன வாரம் தென்காசியில் செல்போன் சார்ஜரைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு நின்றேன். ஈயம் பற்றவைக்கும் புகை கிளம்பியது. பக்கத்தில் நின்ற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ அந்த வாசனையில் அப்பா மேலிருந்த பழைய எரிச்சல் வந்துவிட்டது. இந்த வயதிலும் அடங்காத எரிச்சல்.

அறுபதுகளில் எங்கள் மேலகரம் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் படபடவென்று பொரியும். அப்பாவுக்கோ செய்தி கேட்டாக வேண்டும். மெக்கானிக்கை வரவழைத்து, “இந்த எரைச்சல் மட்டும் இருக்கப்பிடாது” என்றார். அவர் ஒரு ரெசிஸ்டரையும் கண்டென்சரையும் பற்றவைத்துவிட்டுப் போனார். கண்டென்சரை இப்போது கெபாசிட்டர் என்கிறார்கள்.

விஷயம் எளிதுதான். ரெசிஸ்டர் வழியில் நின்று கொஞ்சம் மறிக்கும். அடுத்து நிற்கும் கண்டென்சர், வேகமாகத் துடிக்கும் அலைகளைத் தரைக்கு இறக்கிவிடும். மெதுவானவை தப்பி ஸ்பீக்கருக்குப் போகும். பொரிகிற சத்தம் வேகமான துடிப்பு, ஆகவே ஒழிந்தது. கண்டென்சர் பெரிதானால் இன்னும் நிறைய இறங்கிவிடும். எங்களுடையது ரொம்பப் பெரிது. செய்தி வாசிப்பவரின் கட்டைக்குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா வருகிறவர்களிடமெல்லாம் ரேடியோவின் பெருமையை அளந்தார்.

அந்த வருஷம் அக்காவுக்கு வானொலியில் பாட வாய்ப்பு வந்தது. நன்றாக வந்தால் தொடர்ந்து அனுப்புவதாக அப்பா சொல்லியிருந்தார். வேலை முடிந்து வரும் வழியில் டீக்கடை ரேடியோவில் கேட்டேன். இரைச்சலுக்கு நடுவிலும் கணீரென்று பாடினாள். பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தால் எல்லோர் முகமும் தொங்கிக் கிடந்தது.

“போர்வைக்குள்ள இருந்து பாடுத மாதிரி இருக்கு. இனிமே போக வேண்டாம்” என்றார் அப்பா.

“கடையில நல்லாத்தானப்பா கேட்டுது?”

“அது எரைச்சல் ரேடியோ. நம்மளுது சுத்தம்லே. அவ குரல்லதான் ஒண்ணுமில்ல.”

அக்காவும் அதை நம்பினாள். அதுதான் எனக்கு ஆறவேயில்லை. அப்புறம் அவளை வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்தார்கள்.

பிறகு நான் ரேடியோ வேலை படித்தேன். பின்பலகையைக் கழற்றி, அந்தக் கண்டென்சரை அப்பாவுக்குக் காட்டி, இரைச்சலோடு அக்காவின் உச்சக்குரலையும் அதுதான் தரைக்கு இறக்கிவிட்டது என்று விளக்கினேன்.

“இப்ப என்னத்துக்குலே அது? அவளுக்குத்தான் கல்யாணம் ஆயாச்சே” என்றார். இன்றுவரை அந்தப் பேச்சை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்றைக்கு அது நேரடி ஒலிபரப்பு, பதிவு எதுவும் கிடையாது. அக்காவும் இப்போது இல்லை. பதினாறாம் நாள் விசேஷத்தில் அவள் மகனிடம், “ஒங்கம்மை ரேடியோவுல பாடியிருக்காடே” என்றேன்.

“அம்மையா? அவ பாடி நாங்க கேட்டதே இல்லையே, மாமா” என்றான்.