உறை கழற்றாத வயர்

எனக்குப் பேய், ஆவி, குறளி எதிலும் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லை என்பதையே மூன்று தடவை நாள்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன், நேரம் போட்டு. முப்பத்தோரு வருடம் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்தவன் நான். சங்கிலி போட்டு அளக்க முடியாத எதையும் என் வரைபடத்தில் சேர்த்ததில்லை. இதைப் படித்துவிட்டு இவருக்கு வயதாகிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை, என் மருமகனும் அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில், வயிறு நிறைய வெள்ளைப் பணியாரம் சாப்பிட்ட பிறகு நடந்தது.

விஷயம் என் கம்ப்யூட்டரைப் பற்றியது. காரைக்குடியில் எங்கள் தெருவில் என்னை எல்லோருக்கும் தெரியும், காரணம் என் நாள்குறிப்பு. பதினெட்டு வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதுகிறேன். எத்தனை மில்லிமீட்டர் மழை (மொட்டை மாடியில் சொந்தமாக மழைமானி வைத்திருக்கிறேன்), யார் வீட்டில் என்ன விசேஷம், கரண்ட் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது, எல்லாம் இருக்கும். யாருக்கு எந்தத் தேதி மறந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். எதிர்வீட்டுக்காரர் தன்னுடைய கல்யாண நாளை வருடா வருடம் மனைவிக்குத் தெரியாமல் என்னிடம் கேட்டுக்கொண்டு போவார்.

முதலில் நோட்டில்தான் எழுதினேன். பிறகு கம்ப்யூட்டர் வாங்கியதும் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் தட்டச்சு செய்து ஏற்றினேன். ஏற்றி முடித்த வருடம் போகிக்கு முதல் நாள் என் மனைவி சகுந்தலா அந்த நோட்டுகளைக் கூடத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு, "அதான் மெசின்ல ஏத்தியாச்சுல்ல, இன்னும் என்னத்துக்குக் கரையானுக்குச் சோறு போடுறீக?" என்று கேட்டாள். நியாயமாகப் பட்டது. நானே கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தேன், மறுநாள் விடியற்காலையில் எல்லாம் எரிந்தன. ஆக, என்னுடைய பதினெட்டு வருடமும் ஒரே ஒரு ஹார்டு டிஸ்கில்தான் இருந்தது. இன்னொரு நகல் இல்லையா என்று கேட்பீர்கள். 'இந்த மாதம் கட்டாயம் நகல் எடுக்க வேண்டும்' என்று ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் எழுதியிருக்கிறேன். எழுதியதோடு சரி.

போன வருடம் ஐப்பசியில் அந்த டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்தது. கர்ர், கட்கட், பிறகு கொஞ்சம் ஓய்வு, மறுபடி கர்ர். மெஷின் எழுந்து நிற்க ஆறு நிமிடம் நாற்பது விநாடி ஆனது, கடிகாரம் வைத்துப் பார்த்தேன். தேவகோட்டை பஸ் போகும் ரோட்டில் கடை வைத்திருக்கும் குமரேசனைக் கூப்பிட்டேன். மரவேலை ஆசாரி குடும்பம், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், உளியை விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவர். பெட்டியில் காதை வைத்து டாக்டர் மாதிரி கொஞ்ச நேரம் கேட்டார்.

"சார், இது இழுத்துக்கிட்டு இருக்கு," என்றார். "எஸ்.எஸ்.டி.ன்னு புது மாதிரி டிஸ்க் ஒன்னு வாங்கி உள்ள வச்சு, இதுல இருக்கத அப்படியே அதுல எறக்கிருவோம். மெசின் பறக்கும். ஆனா எறக்குறப்ப நடுவுல இது மூச்ச நிறுத்திருச்சுன்னா, என்னையத் திட்டக் கூடாது பாத்துக்கங்க."

சகுந்தலா புது கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம் என்றாள். நான் மறுத்தேன். மெஷின் எத்தனை புதிதாக இருந்தால் என்ன, உள்ளே இருப்பதை எடுக்க வேண்டுமே. அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியான தூக்கம் இல்லை. மழை அளவைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டேன், மெஷினைத் திறக்கவே பயம்.

செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் நிறுத்துவதாக அறிவிப்பு. குமரேசன் கடையிலும் கரண்ட் இருக்காது, அவரும் சும்மாதான் இருப்பார், அன்றைக்கே வந்து பெட்டியைத் திறந்து மாட்டுகிற வேலையை முடித்துவிட்டால் கரண்ட் வந்ததும் நகல் எடுக்கலாம் என்று பேசிக்கொண்டோம். பத்தரை வரை எமகண்டம், அதுவரை பெட்டியில் கை வைக்கக் கூடாது என்பது சகுந்தலாவின் உத்தரவு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனால் முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் நம்பிக்கை உண்டு. பத்து முப்பத்தைந்துக்குத்தான் முதல் திருகாணி கழன்றது.

உள்ளே ஒரு விரல் கனம் தூசி, இரண்டு பல்லி முட்டை ஓடு. எஸ்.எஸ்.டி. உள்ளங்கையளவுதான் இருந்தது, அதை வைப்பதற்கு என் பழைய பெட்டியில் பொருத்தமான இடம் இல்லை. குமரேசன் வெளியே போய்த் தன் வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு தேக்குத் துண்டை எடுத்துவந்து, சீவி, ஓட்டை போட்டு, ஒரு சின்னப் பலகை செய்து அதில் டிஸ்கை உட்காரவைத்தார். அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு அழகான வேலையை மூடி போட்டு மறைப்பதற்கே மனம் வரவில்லை.

இப்போது ஒரு சின்ன விவரம் சொல்ல வேண்டும், இது புரிந்தால்தான் மற்றது புரியும். ஒவ்வொரு டிஸ்குக்கும் இரண்டு வயர் தேவை. ஒன்று அது ஓடுவதற்கான மின்சாரம் கொடுக்கும். மற்றொன்று அதில் இருக்கும் தகவல் வந்து போகிற வழி. பழைய டிஸ்கிலிருந்த தகவல் வயரைக் கழற்றிக் குமரேசன் புதிய டிஸ்கில் மாட்டினார். பழைய டிஸ்குக்குப் போடுவதற்குப் புது வயர் ஒன்று கொண்டுவந்திருந்தார். சுருட்டிக் கம்பி முறுக்கி, இரண்டு முனையிலும் சின்னப் பிளாஸ்டிக் உறை போட்டது. அதைப் பெட்டிக்குள் வைத்தார். அந்த நேரம் பார்த்து சகுந்தலா வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கொண்டுவந்தாள். எண்ணெய்க் கையோடு மெஷினைத் தொடக் கூடாது என்று அவர் எழுந்து போய்ச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன், நிறையவே. பிறகு அவர் கை கழுவிவிட்டு, சாய்ந்து கொஞ்சம் கதை பேசினார். ஐந்து மணி வரை கரண்ட் வராது, என்ன அவசரம்?

இரண்டு நாற்பத்தாறுக்குக் கரண்ட் வந்துவிட்டது.

நம்பினால் நம்புங்கள், மின்தடை முன்கூட்டியே முடிந்தது என் நாள்குறிப்பில் அதுதான் முதல் தடவை. மூன்று மணிக்கு ராகு காலம். சகுந்தலா அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள்: "தம்பி, மூனுக்குள்ள போட்ருங்க. இல்லாட்டி நாலரைக்கு மேலதான்." குமரேசன் பாய்ந்து வந்து மூடியை எடுத்தார். அவர் மூடும் முன் நான் கடைசியாக ஒரு படம் எடுத்தேன், ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுப்பது என் பழக்கம். நேரம் இரண்டு நாற்பத்தெட்டு. இரண்டு ஐம்பத்தைந்துக்கு மெஷின் ஓடத் தொடங்கியது.

திரையில் இரண்டு டிஸ்கும் பெயரோடும் அளவோடும் தெரிந்தன. நான் அதையும் தாளில் எழுதிக்கொண்டேன். பழையதிலிருந்து புதியதற்கு என்று கொடுத்து, எது பழையது எது புதியது என்று மூன்று தடவை சரிபார்த்துக் குமரேசன் பொத்தானை அழுத்தினார். பழைய டிஸ்க் கர்ர் என்றது. கட்கட். ஓய்வு. மறுபடி கர்ர். மூன்று பேரும் பிரசவ வார்டுக்கு வெளியே இருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தோம். எழுபத்தொரு சதவீதத்தில் சத்தம் நின்றது. குமரேசன் என்னைப் பார்க்கவில்லை. நான் சகுந்தலாவைப் பார்த்தேன், அவள் கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பிறகு சத்தமே இல்லாமல் எழுபத்திரண்டு என்று மாறியது. அப்புறம் கடைசி வரை பழைய டிஸ்க் மூச்சுவிடவில்லை, ஆனால் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஐந்து பதினெட்டுக்கு நூறு.

அணைத்துப் போட்டோம். பத்தொன்பது விநாடியில் எழுந்தது. பதினெட்டு வருடமும் இருந்தது. முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் எங்கெங்கோ திறந்து பார்த்தேன், எல்லாம் இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதை சகுந்தலா பார்த்துவிட்டாள். "நம்ம கல்யாணத்தன்னைக்குக் கூட இப்புடி அழுகல," என்று குமரேசனிடம் சொல்லிச் சிரித்தாள். அவர் போன பிறகு, இனி யாரும் திறக்கக் கூடாது என்று மூடியின் விளிம்பில் ஒரு காகிதப் பட்டை ஒட்டிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். அளவை ஆவணக் கட்டுகளுக்கு அப்படித்தான் செய்வோம், கை பழகிவிட்டது.

சனிக்கிழமை பார்த்தால் பழைய டிஸ்க் திரையில் தெரியவில்லை. பாவம், செத்துவிட்டது போல என்று குமரேசனை வரச் சொன்னேன். என் கண்ணெதிரில்தான் பட்டையைக் கிழித்தார், மூடியைக் கழற்றினார், குனிந்து பார்த்தவர் அப்படியே இருந்தார்.

நானும் குனிந்தேன். பழைய டிஸ்கில் மின்சார வயர் மட்டும் இருந்தது. தகவல் வயர் பெட்டியின் அடியில் கிடந்தது, சுருட்டியபடி, கம்பி முறுக்கு அவிழாமல், இரண்டு முனையிலும் உறையோடு.

"சார், நடுவுல தொறந்தீகளா?" என்றார்.

கிழித்த பட்டையில் என் கையெழுத்தைக் காட்டினேன். பிறகு போனை எடுத்து அன்று மூடுவதற்கு முன் எடுத்த படத்தைப் பெரிதாக்கினேன். அதிலும் வயர் அதே இடத்தில், அதே சுருளாக, உறையோடு கிடந்தது. அவசரத்தில் மாட்ட மறந்திருக்கிறார். மாட்டவே இல்லை.

வயரை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப எதுல சார் வந்துச்சு?" என்று கேட்டார். வாய்க்கால் வெட்டாமல் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. அவர் உறைகளைக் கழற்றிப் பழைய டிஸ்கில் முறைப்படி மாட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. கடைக்குக் கொண்டுபோய் வேறு மெஷினிலும் பார்த்தார். ஒன்றும் இல்லை. இன்றைக்கும் நான் இந்தப் பேச்சை எடுத்தால் அவர் காது கேட்காதவர் போல நடந்துகொள்வார். சகுந்தலாவுக்குக் குழப்பமே இல்லை. "போற உசுரு, குடுக்க வேண்டியதக் குடுத்துட்டுப் போயிருக்கு. அதப் போயி வயரு எங்க, உறை எங்கன்னு நோண்டாதீக," என்று சொல்லிவிட்டு அந்த டிஸ்குக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

நானும் விட்டிருப்பேன். ஆனால் எதையும் சரிபார்க்காமல் விடுகிறவன் இல்லை நான். கார்த்திகை முழுக்க உட்கார்ந்து முதல் நாளிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். ஏழு வருடத்துக்கு முன் பித்தப்பைக் கல்லுக்காக மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தேன், சகுந்தலா என்னோடு இருந்தாள், கம்ப்யூட்டரை உள்ளே வைத்து வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு நாள் விடாமல் என்று மேலே சொன்னேன், அது பெருமைக்குச் சொன்னது. அந்த ஒன்பது நாளை மட்டும் நான் எழுதவில்லை. பார்க்காததை எழுதக் கூடாது என்று வேண்டுமென்றே காலியாக விட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த ஒன்பது நாளும் இப்போது எழுதியிருக்கிறது.

ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வரிதான். 'காற்று பலம். பிற்பகல் நான்கு பத்துக்குக் கொல்லைப்பக்க ஓடு ஒன்று விழுந்து உடைந்தது.' திரும்பி வந்தபோது உடைந்த ஓடு கிடந்தது உண்மைதான், எப்போது விழுந்தது என்று எங்களுக்குத் தெரியாது. இன்னொரு நாள்: 'நல்ல மழை. அளவு தெரியவில்லை, மாடிக் கதவு பூட்டியிருக்கிறது.' இதைப் படித்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்துதான் மற்றதைப் படித்தேன். ஒன்பதாம் நாளில் ஒரே வரி: 'நாளை வருகிறார்கள்.' அன்று இரவு வரை டாக்டர் இன்னும் நான்கு நாள் இருக்க வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகலாம் என்று எங்களுக்கே மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் தெரியும்.

சகுந்தலாவிடம் படித்துக் காட்டினேன். பயப்படுவாள் என்று நினைத்தேன், அவளுக்கு வருத்தம்தான் வந்தது. "பாவம், ஒத்தையில கெடந்து நம்மளத் தேடியிருக்கு," என்றாள். பொங்கலுக்குத் திருச்சியில் மகள் வீட்டுக்குப் போனபோது, நான் தெருக்கதவைப் பூட்டப் போகிற நேரத்தில் அவள் மறுபடி உள்ளே ஓடினாள். மாடிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்ததாகப் பஸ்ஸில்தான் சொன்னாள். நாங்கள் இல்லாத அந்த ஐந்து நாளில் இங்கே மழை பெய்ததாம், எதிர்வீட்டுக்காரர் சொன்னார். எவ்வளவு என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. நாள்குறிப்பில் அந்த ஐந்து நாளின் பக்கத்தை நான் இதுவரை திறக்கவில்லை.